‘கொண்டான்’ என்னும் வாய்பாடும் பேரரசாடல் ஆடுநர் கருத்துகளும்

அரியலூர் மாவட்டத்தின் கீழ்பாலுள்ள கங்கைகொண்டசோழபுரம் ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராய் விளங்கியது என்பது அறிஞர் நன்கறிந்தது. அந்நகர்ப் பெயரின் நடுவே நிற்கும் ‘கொண்ட’ என்னும் பெயரெச்சத்திற்குப் பொருள் யாது? கங்கையைக் கொண்டான் எனின், எவ்வாறு கொண்டான்? கொண்டதனை என் செய்தான்? இவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். இதனை எழுப்புதற்குக் காரணமாய் அமைந்தது புதிதாய்க் கிடைத்த கல்வெட்டன்று. கணினியில் ஆடப்பெறும் ஓர் ஆடலும், அதனை ஆடுவோர் அதுபற்றிக் கூறிவரும் குறைநிறைகளுமேயாம். தமிழாராய்ச்சி இதழில் இப்பொருள் புகலாமோ என ஐயுறுவார் உளராகலாம். சோழர் என்னும் பெயரை அயல்நாட்டு இளைஞர் பலர் முதன்முதற் கேட்பது நீலகண்ட சாஸ்திரியார் நூலிலோ சதாசிவ பண்டாரத்தார் நூலிலோ அன்று, இத்தகைய ஆடலிலேயே என்பதனை எண்ணின் அவ்வையம் நீங்கும். மேலும், ஆடுநரிடை இன்று நிகழும் வழக்கொன்று நம் வரலாற்றறிஞரிடைப் பல்லாண்டாய் நிகழும் வழக்கினைப் பெரிதும் ஒத்துள்ளது.

ஆடலின் இயல்பை அறியாதார் பொருட்டு அதனைச் சுருங்கக் கூறுவாம். ‘சிவிலைசேஷன்’ என்னும் இவ்வாடல் சிட் மேயர், புரூஸ் செல்லி என்னும் இருவரால் வகுக்கப்பெற்று, மைக்ரோபுரோஸ் நிறுவனத்தால் 1991-இல் வெளியிடப்பட்டது. சதுரங்கத்திற் போலவே இதிலும் ஒருவர் தம் முறையில் செய்வனவற்றைச் செய்து முடித்த பின்னரே அடுத்த முறை வரும். ஆகலின் கைவிரைவு வேண்டா, சூழ்ச்சியே வேண்டும். நிலப்படம் சிறுசிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஆடுவோர் ஒரு சிறு குடியிருப்பொடு தொடங்கி, ஊர்களை நிறுவி, உழவும் வாணிகமும் கல்வியும் படையும் பெருக்கிப் பன்னூறு முறைகளில் ஒரு பேரரசினை நடத்துவர். இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரே முறை என்று விடியுமளவும் ஆடிக்கிடப்பார் உளர் என்பது இதுபற்றி யாண்டும் வழங்கும் கூற்று.

இவ்வினத்து ஆடல்களுக்கு ஆலன் எம்ரிச் என்பார் 1993-இல் ‘நான்கு எக்ஸ்’ எனப் பெயரிட்டார். நாடிக் காண்டல், பரந்து குடியேறல், வளங்கோடல், மாற்றாரை அழித்தல் என்னும் நான்கு தொழில்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் நான்கும் அவ்வெழுத்தின் ஒலியைத் தம்மகத்துக் கொண்டமையின் அப்பெயர் அமைந்தது. ஆநிரை கவர்தற்குச் செல்வது வெட்சி. மண்ணசையாற் செல்வது வஞ்சி. அரண் முற்றுவது உழிஞை. வலியைக் காட்டற்பொருட்டே பொருவது தும்பை. இவ்வாறு நோக்கமும் முறையும் பற்றித் தொல்காப்பியம் வேறுபடுத்தி வைத்தவற்றையெல்லாம் எம்ரிச்சின் வகைப்பாடு ‘அழித்தல்’ என்னும் ஒன்றனுள் அடக்கிவிடுகின்றது. இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

இவ்வாடலில் இந்தியா முதலிலிருந்தே இடம்பெற்றது. ஆயின் காந்தியடிகளைத் தலைவராகக் கொண்ட ஒற்றை நாடாகவே இடம்பெற்றது. அறவழி நின்ற அடிகள் அணுகுண்டு வீசுவதில் எல்லார்க்கும் முந்துவார் என்றொரு கதை ஆடுநரிடை வழங்கியது. கணக்குப் பிழையொன்றால் அவர்தம் போர்வேட்கை சுழியத்திற்குக் கீழிறங்கி, அங்கிருந்து உச்சிக்குத் தாவிற்று என்பது அக்கதை கூறும் காரணம். அத்தகைய பிழை எதுவும் முதலாடலில் இருந்ததில்லை எனச் சிட் மேயர் 2020-இல் வெளியிட்ட தம் வரலாற்று நூலில் மறுத்துரைத்தார். 2010-இல் வந்த ஐந்தாம் ஆடலிலேதான் நகை கருதி அவ்வியல்பு அடிகளுக்கு ஏற்றப்பட்டது. ஆடுநர் கருத்தினைச் சான்றாகக் கொள்ளுங்கால் எத்துணை விழிப்பு வேண்டும் என்பதற்கு இஃதொன்றே அமையும். தல புராணம் கற்றார்க்கு இது புதிதன்று.

ஃபிராக்சிஸ் நிறுவனம் 2025 பிப்ரவரி 11-ஆம் நாள் வெளியிட்ட ஏழாம் ஆடலில் நிலைமை மாறிற்று. மோரியர், சோழர், முகலாயர் என மூன்று அரசுகள் தனித்தனியே வைக்கப்பட்டன. சோழர்க்குரிய வியத்தகு கட்டடம் தஞ்சைப் பெருவுடையார் கோயில். அவர்தம் போர்க்கப்பலின் பெயர் ‘கலம்’. இராசராசனுடைய காந்தளூர்ச்சாலை வெற்றியைக் கூறும் தொடரில் வரும் கலம் மரக்கலமோ உண்கலமோ பிறிதோ என்று நம்மனோர் இன்னும் வழக்கிட்டிருப்ப, ஆடலாக்கியோர் அதனை எளிதின் முடித்துவிட்டனர் போலும். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்பன அவ்வாடலில் சோழர்க்கே உரிய இரு கட்டடங்கள். இரண்டும் ஓரிடத்து அமையின் அவ்விடம் ‘ஐந்நூறு தலைவர்’ என்னும் பொருளுடைய பெயர் பெறும். திசையாயிரத்து ஐந்நூற்றுவரை அது சுட்டுதல் வெளிப்படை.

இவை மூன்றும் வணிகக் குழுக்களேயன்றிக் கட்டடங்கள் அல்ல. தரிசாப்பள்ளிச் செப்பேடு (கி.பி. 849) அஞ்சுவண்ணத்தையும் மணிக்கிராமத்தையும் குறிக்கின்றது. தாய்லாந்தின் தகுவாபாவிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டில் மணிக்கிராமமும், சுமாத்திராவின் லோபு தூவாவிற் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில் ஐந்நூற்றுவரும் வருதலை அறிஞர் அறிவர். எனினும் சோழர் என்றதும் யானையும் வாளும் மட்டும் நினையாது வணிகக் குழுவை நினைந்தமை பாராட்டற்குரியதே. குறை ஒன்று உண்டு. இராசராசனோ இராசேந்திரனோ அவ்வெளியீட்டில் தலைவராக வைக்கப்படவில்லை, அசோகரே வைக்கப்பட்டார். தலைவர் வேறு, நாகரிகம் வேறு எனப் பிரித்து வைத்தமையின், அசோகர் சோழநாட்டை ஆளுதல் அவ்வாடலில் இயல்வதாயிற்று.

இனி ஆடுநர் கருத்துகளைக் காண்பாம். ஏழாம் ஆடல் பழங்காலம், தேட்டக்காலம், புதுக்காலம் என மூன்று ஊழிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஓர் ஊழியின் இறுதியில் நெருக்கடி தோன்றும். ஊழி மாறுங்கால் ஆடுவோர் தம் நாகரிகத்தை விடுத்து வேறொன்றனை ஏற்றல் வேண்டும். தலைநகர் ஒழிந்த பெருநகரங்கள் சிற்றூர் நிலைக்கு இறங்கும், படையிற் குறைவு நேரும், நட்புடன்படிக்கைகள் நீங்கும். முன்னை ஊழியில் ஈட்டிய மரபுகள் சில மட்டும் உடன்வரும். நாகரிகம் மாற்றும் இம்முறையை 2021-இல் வந்த ‘ஹியூமன்கைண்ட்’ என்னும் ஆடல் முன்னரே கையாண்டது. ஆடுநர் பலர் இதனை வெறுத்தனர். ஸ்டீம் விற்பனைத் தளத்தில் ஆடுநர் அளித்த மதிப்பீடு வெளியீட்டையடுத்துக் கலவையான தரத்திலேயே நின்றது. திரையமைப்பின் குறைபாடுகளும் அதற்கொரு காரணம். அவை ஈண்டு வேண்டா. பெருங்குறை ஊழிமாற்றமே. யாம் முயன்று கொண்டது எம்முடையது அன்றாய் ஒழிவது யாங்ஙனம் என்பதே அவர்தம் முறையீட்டின் சாரம். மறுதரப்பாரோ, எப்பேரரசும் வீழ்ந்தே தீர்தலின் இதுவே வரலாற்றுக்கு இயைந்தது என்றும், முன்னைய ஆடல்களில் முதல் நூறு முறைகளில் முந்தியவர் இறுதிவரை முந்திச் செல்லும் சலிப்பு இதனால் நீங்கிற்று என்றும் கூறினர். பின்னர் வந்த திருத்தங்களில் தொடர்ச்சியை மிகுவிக்கும் தெரிவு சேர்க்கப்பட்டது. ஒரே நாகரிகத்தை இறுதிவரை ஆடும் வழியினை ஆராய்ந்து வருவதாக 2025-இன் பிற்பகுதியில் ஆக்கியோர் அறிவித்தனர்.

பெரம்பலூர், அரியலூர், செயங்கொண்டம் ஆகிய ஊர்களில் இவ்வாடலை ஆடும் இளைஞர் சிலருடன் யாம் பலகால் உரையாடியதுண்டு. எண்ணிற் சிலரே ஆகலின் அவர் கூற்றினைப் பொதுக்கருத்தெனக் கொள்ளல் ஆகாது. ஆயின் தலைநகர் இருந்த மண்ணினின்று நோக்குதலின் அது தனிச்சுவை உடையதாயிற்று. அவர்க்குச் சோழர் பெயர் கண்ட மகிழ்ச்சி பெரிது. அதனொடு மூன்று தடைகளும் எழுப்பினர். மோரியருக்குப்பின் சோழர், சோழருக்குப்பின் முகலாயர் என ஆடல் காட்டும் வழி பிழையென்பது முதலாவது. கடலகத்து நாடுகளில் ஊர் அமைத்தாலன்றிச் சோழர்க்கு ஆக்கமில்லை என்பது இரண்டாவது. கொண்ட ஊருக்குத் தாம் விரும்பிய பெயரிட முதலில் வழியின்றி இருந்தது என்பது மூன்றாவது.

முதல் தடைக்கு விடை கூறுதல் எளிது. அசோகருடைய இரண்டாம், பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டுகள் சோழர், பாண்டியர் முதலியோரைத் தம் ஆட்சிக்கு உட்பட்டோராகக் கூறவில்லை. எல்லைக்கு அப்பாலுள்ள அயலாராகவே கூறுகின்றன. சோழராட்சி 1279-ஐ ஒட்டி முடிவுற்றது. முகலாயராட்சி தில்லியில் தொடங்கியது 1526-இல். இடையில் பாண்டியரும் விசயநகரத்தாரும் நாயக்கரும் உளர். இளைஞர் கூற்று முற்றும் உண்மையே. ஆயினும் இது பெயர்ப்பட்டியல் பற்றிய குறை. இன்னும் சில அரசுகளைச் சேர்த்தால் தீர்ந்துவிடும். ஏனைய இரண்டும் அவ்வாறு தீர்வன அல்ல.

இரண்டாம் தடையைக் கூறிய அரியலூர் இளைஞரின் சொற்களை அவ்வாறே தருகின்றாம்: ‘கடாரத்தில் ஊர் அமைத்தால்தான் மதிப்பு ஏறும் ஐயா, அடித்துவிட்டுத் திரும்பி வந்தால் ஒன்றுமில்லை.’ அவர் கூறியதன் விளக்கம் வருமாறு. சோழர் வைக்கப்பட்டது தேட்டக்கால ஊழியில். அவ்வூழியில் பொருள்வழியால் மேம்பட விழைவோர் கடல்கடந்த தொலைநிலங்களில் குடியேறி, ஆண்டு விளையும் அரும்பொருள்களைக் கருவூலக் கலங்களில் ஏற்றித் தாய்நிலத்திற்குக் கொணர்தல் வேண்டும். படைவழியால் மேம்பட விழைவோரும் தொலைநிலத்து ஊர்களைத் தம்முடையனவாக்கிக் கொள்ளல் வேண்டும். இது பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பியர் செய்கையை அச்சாக வைத்து வகுத்தது என்னும் குறை பிறநாட்டு ஆடுநராலும் பரவலாகக் கூறப்பட்டதே. சோழரை அவ்வச்சில் வார்த்தமையின் என்ன திரிபு நேர்ந்தது என்பதே நாம் கேட்கவேண்டுவது. அதற்கு விடை ‘கொள்’ என்னும் வினையில் உளது.

கொள் என்பது பொருட்பரப்புடைய சொல். பெறுதல், ஏற்றல், விலைக்கு வாங்கல், மணத்தல், கவர்தல், உட்கொளல் எனப் பலவும் அதன் பொருளாய் வரும். கொடுத்தலுக்கு மறுதலையாய் நிற்பதே இவையெல்லாவற்றிற்கும் பொதுவியல்பு. ஒருவன் கையிலிருந்தது மற்றொருவன் கைக்கு வருதலையே அது உணர்த்துகின்றது. வந்தது நெடிது தங்கியதோ அன்றோ என்பதனை அச்சொல் கூறாது. நிரைகோடல் என்னுமிடத்து ஆவே வந்தது. ஆ மேய்ந்த நிலம் வந்ததில்லை. வெட்சி மறவர் பகைப்புலத்தில் குடியேறினர் என்று யாரும் பொருள் கொள்ளார்.

இராசேந்திரனுடைய மெய்க்கீர்த்தியை இவ்வியல்பு நோக்கிக் கற்றல் வேண்டும். அது நெடிய பட்டியல்; பல நாடுகளையும் ஊர்களையும் அடைமொழிகளோடு அடுக்கிச் சென்று, கொண்டமை கூறி முடிப்பது. கடாரப் பகுதியில் அலைகடல் நடுவே கலங்கள் பல செலுத்தியமையும், கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை அவன் யானைகளோடு அகப்படுத்தியமையும், அவன் ஈட்டிய பெருநிதியையும் விச்சாதரத் தோரணத்தையும் மணிக்கதவங்களையும் கைக்கொண்டமையும் கூறப்படும். அதன்பின் ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் முதலிய பெயர்கள் வரும். அரசன், யானை, நிதி, தோரணம், கதவு, ஊர் யாவும் அவ்வொரே வினைக்குச் செயப்படுபொருள்கள். கதவினைக் கொண்டமைக்கும் ஊரினைக் கொண்டமைக்கும் சொல்லால் வேறுபாடு இல்லை.

கங்கையின் நிலையும் அதுவே. படைத்தலைவர் வடதிசை சென்று வென்று, தோற்ற அரசர் தலைமேற் சுமந்துவரக் கங்கைநீரைக் கொணர்ந்தனர் எனவும், அரசன் கோதாவரிக் கரையில் அவரை எதிர்கொண்டான் எனவும் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும். கொண்டது நீர். அந்நீரின் பெயரால் சோழகங்கம் என்னும் ஏரி தலைநகரின் அருகே அமைக்கப்பட்டது. நீராலாகிய வெற்றித்தூண் என்னும் கருத்துப்பட அச்செப்பேடு அதனைச் சிறப்பிக்கின்றது. இன்று பொன்னேரி என வழங்கும் அதன் கரை தெற்கு வடக்காகப் பதினாறு கல் நீண்டது எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புக் கூறும். இவ்வாடலின் நிலப்படத்தில் இதனைச் செய்ய வழியில்லை. கங்கைக்கரைக் கட்டம் ஆடுவோர்க்கு உரியதாகும், அன்றேல் உரியதாகாது. கங்கையைக் கொணர்ந்து அரியலூரில் வைத்தல் அதன் விதிகட்கு அப்பாற்பட்டது.

அற்றேல், சோழர் பிறநாட்டை ஆளவே இல்லையோ எனின், ஆண்டனர். எங்கே ஆண்டனர், எங்கே கொண்டு மீண்டனர் என்று பிரித்தறிதற்கு மூன்றாம் தடை உதவுகின்றது. ஊர்ப்பெயரை ஆடுவோர் மாற்றும் உரிமை ஏழாம் ஆடலில் முதலில் இல்லை; ஆடுநர் வேண்டுகோளை ஏற்று 2025 மார்ச்சுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. செயங்கொண்டத்து இளைஞர் ஒருவர் அத்திருத்தம் வந்த அன்றே தம் தொலைநிலத்து ஊருக்குத் தம் ஊர்ப்பெயரையே இட்டதாகக் கூறினார். அவரை அறியாமலே அவர் செய்தது சோழர் வழக்கு. ஈழத்தின் வடபகுதியை வென்று ஆண்டபொழுது அதற்கு மும்முடிச்சோழ மண்டலம் என்றும், பொலன்னறுவைக்குச் சனநாதமங்கலம் என்றும் பெயரிட்டனர். கங்கபாடி முடிகொண்டசோழ மண்டலமாயிற்று, நுளம்பபாடி நிகரிலிச்சோழ மண்டலமாயிற்று, தலைக்காடு இராசராசபுரமாயிற்று, பாண்டிநாடும் இராசராசன் பெயர் பெற்றது. தொண்டைநாடு செயங்கொண்டசோழ மண்டலம் ஆயிற்று. இவ்விடங்களிலெல்லாம் அதிகாரிகளும் வரியும் நிலக்கொடையும் கல்வெட்டுகளிற் காணப்படுகின்றன.

இனிக் கங்கையும் கடாரமும் நோக்குவாம். கங்கைநாட்டிற்குச் சோழர் பெயர் இடப்படவில்லை. சோழனே கங்கையின் பெயரை ஏற்றுக் கங்கைகொண்டசோழன் ஆயினான். கடாரம் கடாரமாகவே இருந்தது. அவன் கடாரங்கொண்டான் ஆயினான். நிலம் அரசனது பெயரைப் பெறுங்கால் அங்கே ஆட்சி உண்டு. அரசன் மட்டும் நிலத்தின் பெயரைப் பெறுங்கால் கோடல் உண்டு. ஆட்சி வேறு சான்றால் நாட்டப்படல் வேண்டும். இதுவே யாம் முன்வைக்கும் கருத்து. இதற்கு மாறாவன போல்வன இல்லாமல் இல்லை. முதற் பராந்தகன் மதுரைகொண்டான். பாண்டிநாட்டை ஆளவும் செய்தான். போசள விட்டுணுவர்த்தனன் தலைக்காடுகொண்டான் எனக் கன்னடத்தில் பட்டம் புனைந்தான். தலைக்காடு அவன் வசமே நின்றது. இராட்டிரகூட மூன்றாம் கிருட்டிணனோ கச்சியும் தஞ்சையும் கொண்டான் எனப்பட்டான். தொண்டைநாடு அவனிடம் இருந்தது, தஞ்சை நிலைக்கவில்லை. ஒரே பட்டத்துள் ஒன்று ஆட்சி, மற்றொன்று கோடல் மட்டுமே. ஆகலின் ‘கொண்டான்’ என்னும் பட்டம் ஆட்சியை மறுப்பதுமன்று, நாட்டுவதுமன்று. பெயரிடலே உறுதியான சான்று.

கடாரத்தைப் பொறுத்தவரை வேறொரு சான்றும் உளது. வீரராசேந்திரன் தன் ஏழாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில், தன்னை அடைந்து வணங்கிய கடாரத்தரசனுக்காக அந்நாட்டை வென்று அவனுக்கே அளித்ததாகக் கூறுகின்றான். கொண்டது கொடுத்தற்பொருட்டாயிற்று. இன்னும் முன்னும் பின்னும் நோக்கின், 1006-ஐ ஒட்டி இராசராசன் ஸ்ரீவிசய அரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலத்தை அளித்தான். 1025-ஐ ஒட்டி இராசேந்திரன் அவ்வரசின்மேற் கலஞ்செலுத்தினான். 1090-இல் முதற் குலோத்துங்கன் கடாரத்தரசன் தூதுவர் வேண்டுகோளுக்கு இணங்கி அவ்விகாரத்து ஊர்களுக்கு உரிமைகள் வழங்கினான். இவற்றை லெய்டன் செப்பேடுகள் இரண்டானும் மெய்க்கீர்த்தியானும் அறிகின்றோம். கொடை, படை, கொடை. நட்பையும் பகையையும் ஒரே அளவுகோலின் இரு முனைகளாக வைத்து எண்ணால் அளக்கும் ஆடலில் இவ்வுறவு பொருந்தாது.

மேற்கூறிய வழக்கு அறிஞரிடை நிகழ்ந்தவாற்றைச் சுட்டுதல் இன்றியமையாதது. நீலகண்ட சாஸ்திரியார் சோழ அரசினை வலிய நடுவண் ஆட்சியுடைய பேரரசாகக் கண்டார். கடாரப் படையெடுப்பிற்குச் சீன வாணிகத்தில் ஸ்ரீவிசயம் விளைத்த தடை காரணமாகலாம் எனக் கருதினார். பர்ட்டன் ஸ்டைன் 1980-இல் வெளியிட்ட நூலில் சோழ அரசு கூறுகளாலாயது, மன்னன் மேலாண்மை சேய்மையில் சடங்குமுறையிலேயே நின்றது என்றார். சார்ச்சு ஸ்பென்சர் 1983-இல், படையெடுப்புகளின் உயிர்நாடி கொள்ளைப் பொருளே என்றார். நொபொரு கராசிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுச் சொற்களையும் வரிப்பெயர்களையும் எண்ணி ஆய்ந்து, இராசராசன் முதல் முதற் குலோத்துங்கன் வரை நடுவண் ஆட்சி உரம்பெற்றமையைக் காட்டினர். கொண்டது எம்முடையதே என வாதிடும் ஆடுநர் சாஸ்திரியார் பக்கத்தினர். பேரரசு என்பதே நில்லாக் கூட்டு என்போர் ஸ்டைன் பக்கத்தினர். அவருள் எத்துணையர் இவ்விருவர் நூலையும் கண்டனரோ அறியோம். எம் கருத்தில் இருதிறத்தாரும் ‘கொள்’ என்பதற்கு ஒரே பொருளை எங்கும் ஏற்றுதலால் இடர்ப்படுகின்றனர். ஈழத்திற் கொண்டதும் கடாரத்திற் கொண்டதும் ஒன்றல்ல.

அரியலூர் மாவட்டத்திலேயே இதற்கு மற்றொரு சான்று காணலாம். பழுவூர்ப் பழுவேட்டரையர் சோழர்க்கு மகட்கொடை நேர்ந்தும் படைத்துணை செய்தும் தம் சிறுநாட்டைத் தாமே ஆண்டனர். அவனிகந்தர்ப்ப ஈச்சுவரம் அவர் புகழைத் தாங்கி நிற்கின்றது. சோழர் பழுவூரைக் கொண்டனர் என எவரும் பட்டம் புனையவில்லை. எனினும் பழுவூர் சோழர்பாலதே. ஏழாம் ஆடலிலும் இத்தகைய தனிக்குடிகள் உண்டு. அவற்றைப் படையாலன்றிச் செல்வாக்காலும் தம்பால் ஆக்கிக் கொள்ளலாம். ஊழி மாறியதும் அவை மறைவதனை ஆடுநர் குறையாகக் கூறுகின்றனர். பழுவேட்டரையர் பெயரும் இராசேந்திரன் காலத்திற்குப்பின் கல்வெட்டுகளில் மறைகின்றது. இவ்வொரு கூற்றில் ஆடலே வரலாற்றை ஒட்டிற்று என்போம்.

ஊழியிறுதி நெருக்கடியைப் பற்றியும் ஒரு சொல். தொல்காப்பியர் காஞ்சியை நிலையாமை குறித்த திணையாக வைத்தார். வெண்பாமாலையுடையார் அதனை வஞ்சிக்கு எதிராய் நின்று காக்கும் போராக மாற்றினார். ஊழிமாற்றத்தை ஏற்கும் ஆடுநர் நெருக்கடியைத் தொல்காப்பியர் காஞ்சியாகக் காண்கின்றனர். வெறுப்போர் வெண்பாமாலைக் காஞ்சியாகக் கண்டு, காத்தும் பயனின்மையால் வெகுள்கின்றனர். இவ்வொப்புமையை யாம் இதற்குமேல் நீட்டவில்லை.

ஆக்கியோர் ஊழிமாற்றத்திற்குக் கூறும் காரணம், வரலாறு அடுக்கடுக்காய் எழுவது என்பது. உரோமர் அமைத்த இலண்டன்மேல் பின்னையோர் இலண்டன் எழுந்தமையை அவர் காட்டுவர். கங்கைகொண்டசோழபுரத்தில் அவ்வாறு மேலடுக்கு எழவில்லை. கோயில் நின்றது, நகர் வயலாயிற்று. மாளிகைமேட்டில் தொல்லியல் துறையினர் 1980 முதலாகவும் அண்மை ஆண்டுகளிலும் அகழ்ந்து அரண்மனையின் செங்கற் சுவர்களை வெளிப்படுத்தினர். உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி என்னும் சிற்றூர்ப் பெயர்கள் பழைய நகர்ப்பகுதிகளை இன்றும் சுட்டுகின்றன. கோயிலின் கருங்கல் மதிலோ 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டுதற்குப் பெயர்த்துக் கொண்டு செல்லப்பட்டது. ஊரார் தடுக்க முயன்றனர் எனவும், ஈடாகச் செங்கல் மதில் எழுப்பப்படும் என உறுதி கூறப்பட்டது எனவும் முற்கூறிய காலத்துக் குறிப்பு உரைக்கும். ஈண்டும் நிகழ்ந்தது கோடலே. அணையின் பாசனம் பெற்றது தென்கரைத் தஞ்சைப் பகுதியும் தென்னார்க்காட்டுப் பகுதியும். இதனைக் கூறியபொழுது இளைஞர் சிறிது நேரம் வாளா இருந்தனர். பின்னர்ப் பெரம்பலூர் இளைஞர், ஒரு நகரின் கல்லைக் கொண்டு வேறோரிடத்து அணை கட்டும் விதி எவ்வாடலிலும் தாம் கண்டதில்லை என்றார்.

அவ்விளைஞர் தம்முள் ஆடும்பொழுது வழங்குதற்குத் தமிழ்க் கலைச்சொற்கள் வேண்டினர். ஊரைத் தாக்கி வலியழித்தலுக்கு எறிதல். பொருளோ சின்னமோ கவர்ந்து மீளுதலுக்குக் கோடல். தம்மாட்சியில் வைத்துப் பெயரிடுதலுக்கு மண்டலமாக்கல் என யாம் மூன்றாகப் பிரித்துத் தந்தோம். ஆங்கிலத்தில் இம்மூன்றற்கும் ஆடலில் பெரும்பாலும் ஒரே சொல் வழங்குகின்றது. காலப்பகுதிக்கு ஊழி என்பதனை ஏற்றனர். ஊழி மாறியும் உடன்வரும் கூறுகளுக்கு எச்சம் எனலாமோ என யாம் வினவ, மரபு என்பதே போதும் என்றனர், யாமும் உடன்பட்டோம்.